இருபத்தொரு வாய்த் தண்ணீர்

அறுபத்து நாலாம் வருஷம் நயினார் பூனாவுக்குப் போய்ப் பத்து நாள் டிரெயினிங் முடித்துத் திரும்பியதிலிருந்து, பம்பாய் ஃபோர்ட்டில் இருந்த அந்தப் பெயிண்ட் கம்பெனியில் குப்பைக்கூடைகளுக்கு ஒரு மரியாதை வந்துவிட்டது. டைப்பிங் ஹாலில் பன்னிரண்டு பேர். ஒவ்வொருவர் காலடியிலும் ஒரு கூடை. மணிக்கொரு தடவை பியூன் வந்து கூடைகளைக் கவிழ்த்து, தப்பாக அடித்துக் கசக்கிப் போட்ட தாள்களை எண்ணிக்கொண்டு போவான். ஆபீஸ் சூப்பரிண்டெண்டான நயினார் அதைக் கட்டம் போட்ட தாளில் புள்ளி வைத்துக் கோடு இழுப்பார்.

மூன்று வாரத்தில் அவருக்கு ஓர் உண்மை புலப்பட்டது. மத்தியானம் இரண்டு மணிக்கு மேல் எல்லோருக்கும் தூக்கம் வருகிறது.

ஹாலில் யாரைக் கேட்டிருந்தாலும் இதைச் சொல்லியிருப்பார்கள். ஆனால் வெறுமனே கேட்டுத் தெரிந்துகொள்வதைப் பூனாவில் அறிவு என்று ஒப்புக்கொள்வதில்லை.

கோடுகளில் ஒரு விசித்திரம் இருந்தது. பதினோரு பேருடைய தப்புகள் இரண்டு மணிக்கு மேல் மூன்று மடங்காகின. ஒருத்திக்கு மட்டும் காலையைவிட மத்தியானம் தப்பு குறைந்தது. மூன்று மணிக்கு அவள் கூடை பெரும்பாலும் காலியாகவே இருந்தது. ஜன்னலோரம் நாலாவது மெஷின். பாகீரதி.

பாகீரதிக்கு முப்பத்தாறு வயது. செம்பூரில் வீடு. விடிகாலை நாலு மணிக்குக் குழாயில் தண்ணீர் வரும், ஐந்துக்கு நின்றுவிடும். அதற்குள் அண்டா, குடம், பக்கெட் எல்லாவற்றையும் ரொப்பி, ஐந்து பேருக்குச் சமைத்து, கணவருக்கும் இரண்டு பெண்களுக்கும் டப்பா கட்டி, எட்டே கால் ரயிலைப் பிடித்தால் வி.டி. ஸ்டேஷன் வரைக்கும் நின்றுகொண்டுதான் வர வேண்டும். காலை பதினோரு மணிக்கு அவள் கடிதங்களில் தப்பு விழுந்ததில் ஆச்சரியமில்லை. மத்தியானம் விழாமல் போனதற்குக் காரணம் நயினார் கற்பனை செய்யக்கூடியதாக இல்லை. அவள் ஆபீஸிலேயே தூங்கினாள்.

மாடிப்படிக்குப் பின்னால் ரெக்கார்ட் ரூம் இருந்தது. அதற்குப் பொறுப்பு ஜெயினுலாப்தீன். கடையநல்லூர்க்காரர், தாராவியிலிருந்து வருகிறவர். இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு ஃபைலைத் தேடப் போன பாகீரதி, ஏணியில் நின்றபடியே கண்ணசந்து சாயப் போனாள். அவர் ஓடிவந்து ஏணியைப் பிடித்துக்கொண்டார்.

"கீழ எறங்குங்கம்மா. ஃபைலை நான் எடுத்துத் தாரேன். நீங்க அந்தப் பெஞ்சுல கொஞ்ச நேரம் ஒறங்குங்க."

"ஐயோ பாய், யாராவது பாத்துட்டா?"

"இங்க யாரு வாரா? இருபது வருசமா இந்த ரூமுக்குக் கரப்பான்பூச்சியத் தவிர வேற ஆபீசர் யாரும் வந்ததில்ல."

அன்று தொடங்கியது. ஒரு மணிக்கு மணியடித்தால் ஐந்து நிமிஷத்தில் தயிர் சாதத்தை முடிப்பாள். பிறகு ஒண்ணே முக்கால் வரை அலமாரிக்குப் பின்னால் பெஞ்சில் தூக்கம். வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கும் ஜெயினுலாப்தீன் நேரம் ஆனதும் சாவிக்கொத்தை இரும்பு அலமாரியில் இரண்டு தட்டு தட்டுவார்.

நயினார் கூப்பிட்டனுப்பியபோது, விஷயம் வெளியே வந்துவிட்டது என்றே நினைத்தாள். போன வருஷம் டெஸ்பாட்ச் செக்‌ஷனில் ஒருவர் மேஜையில் தலை சாய்த்ததற்கு இன்கிரிமெண்ட் போயிற்று. அந்த மெமோவை அடித்தவளே பாகீரதிதான். மத்தியானம் மூன்று மணிக்கு, ஒரு தப்புமில்லாமல்.

"உக்காருங்க பாகீரதியம்மா," என்று நயினார் கட்டம் போட்ட தாளை அவள் பக்கம் திருப்பினார். "இது எப்படி நடக்கு? எல்லாரும் சரியுத நேரத்துல நீங்க மட்டும் நிமிருதீங்களே!" உற்சாகம் வந்தால் நயினாருக்கு இங்கிலீஷும் பதினெட்டு வருஷ மாட்டுங்கா வாசமும் கழன்று திருநெல்வேலி வந்துவிடும்.

"அதெல்லாம் ஒண்ணுமில்லை சார்."

"ஒண்ணுமில்லாம கோடு இப்படிப் போகாதும்மா. சாப்பிட்டபெறகு என்ன செய்யுதீங்க? அதச் சொல்லுங்க."

அவர் மேஜையில் ஒரு டம்ளர் தண்ணீர் மூடி வைத்திருந்தது. பாகீரதியின் கண் அதில் விழுந்தது.

"தண்ணி குடிக்கறேன் சார்."

"எல்லாரும்தான குடிக்காங்க?"

"நான் நின்னுண்டு குடிக்கறேன். கொஞ்சம் கொஞ்சமா. இருபத்தொரு வாய்."

இருபத்தொன்று ஏன் வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை. பிள்ளையார் சதுர்த்திக் கொழுக்கட்டைக் கணக்காக இருக்கலாம். நயினார் பேனாவைத் திறந்துவிட்டார்.

"குடிக்கும்போது எங்க பாப்பீங்க?"

"எதிர் பில்டிங் மாடியிலே ஒரு தண்ணித் தொட்டி இருக்கே, அதை."

"கண்ண இமைக்காமலா?"

"முடிஞ்ச வரைக்கும்," என்றாள் பாகீரதி. முழுப் பொய்க்கு அவளால் போக முடியவில்லை.

மறுநாள் சர்க்குலர் வந்தது. தினமும் ஒரு மணி பத்து நிமிஷம் முதல் அரை மணி நேரத்துக்கு டைப்பிங் ஹாலில் உள்ள அனைவரும் ஜன்னல் பக்கம் நின்று, எதிர்த் தொட்டியைப் பார்த்தபடி, இருபத்தொரு வாய் தண்ணீர் அருந்த வேண்டும். இதற்கு 'பாகீரதி முறை' என்று பெயர். முன்னின்று நடத்த வேண்டியவர் பாகீரதி.

சர்க்குலரைப் பன்னிரண்டு காப்பி அடித்துவிட்டு அவள் ரெக்கார்ட் ரூமுக்குப் போனாள்.

"என்னம்மா இப்படிச் செஞ்சுட்டிய," என்றார் ஜெயினுலாப்தீன். "வயித்து வலின்னு ஏதாவது சொல்லியிருக்கப்படாதா?"

"வாயிலே தண்ணிதான் வந்தது பாய். என்ன பண்றது?"

மறுநாளிலிருந்து பன்னிரண்டு டம்ளர்கள் வரிசையாக ஜன்னலில் நின்றன. முதலில் எல்லோரும் சிரித்தார்கள். மாஹிமிலிருந்து வரும் ரோஸி தொட்டிக்குக் கும்பிடுகூடப் போட்டாள். ஆனால் அந்த ஜன்னலில் கடற்காற்று வீசியது. வழக்கமாக மேஜையிலேயே டப்பாவைத் திறந்து, டப்பாவை மூடியதும் மெஷினைத் திறக்கிறவர்கள், முதல் தடவையாக அரை மணி நேரம் ஒன்றும் செய்யாமல் நின்றார்கள். ஒரு மாதம் கழிந்து நயினார் கோடு இழுத்தபோது பதினோரு பேருடைய தப்புகளும் பாதியாகக் குறைந்திருந்தன.

ஏறியது ஒருத்திக்குத்தான்.

பாகீரதிக்கு மூன்றரை மணிக்கு எழுத்துகள் தாளைவிட்டு எழுந்து நடமாடின. கூடை நிரம்பி வழிந்தது. ஒரு நாள் நாக்பூர் ஏஜெண்டுக்கு அவள் அடித்த கடிதம் 'டியர் சார்' என்று தொடங்குவதற்குப் பதில் 'டெட் சார்' என்று தொடங்கியது. கையெழுத்துப் போட்டவர் நயினார். அவரும் அதை மூன்றரை மணிக்குத்தான் பார்த்தார். நாக்பூர்க்காரர் பதில் போட்டார்: தாம் இன்னும் உயிரோடு இருப்பதாகவும், முப்பது டின் பச்சை பெயிண்ட் உடனே தேவை என்றும்.

நயினார் அவளைக் கூப்பிட்டுக் கடிதத்தைக் காட்டினார். கோபத்தைவிட அவர் முகத்தில் மனத்தாங்கல்தான் அதிகம் இருந்தது.

"நீங்களே உங்க முறைய ஒழுங்காச் செய்யலைன்னா எப்படிம்மா?"

அந்தக் கேள்வியில் பாகீரதிக்கு எதுவோ அறுந்துவிட்டது. நாலு மணிக் குழாயடி, நின்றுகொண்டே வரும் ரயில், ஒரு மாதமாகப் போன தூக்கம் எல்லாம் சேர்ந்து அவளைப் பேச வைத்தன.

"அப்படி ஒரு முறையே கிடையாது சார். நான் தூங்கினேன்."

"என்னது?"

"ரெண்டு வருஷமா, சாப்பிட்டதும் தூங்கினேன். அதனாலதான் மத்தியானம் தப்பு வரல்லே. இப்போ தண்ணி குடிக்கறேன், தப்பு வரது. எங்க தூங்கினேன்னு மட்டும் கேக்காதீங்கோ. மெமோ எனக்கு மட்டும் குடுங்கோ."

நயினார் எழுந்து போய் அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்தார். மேஜை மேல் அவர் டைரக்டருக்கு அனுப்பியிருந்த எட்டுப் பக்க ரிப்போர்ட்டின் நகல் இருந்தது. டைரக்டர் அதன் ஓரத்தில் 'மிக நன்று' என்று எழுதி, கல்கத்தா கிளைக்கும் ஒரு பிரதி அனுப்பச் சொல்லியிருந்தார்.

"பதினோரு பேருக்கு வேலை செஞ்சிருக்கே," என்றார் அதைப் பார்த்தபடி, பாதி தனக்குள்.

"ஆமாம் சார். அதுதான் எனக்கும் புரியல்லே."

"நீங்க இப்ப ஒண்ணும் சொல்லலை. நான் ஒண்ணும் கேக்கலை. போயிட்டு வாங்க."

இரண்டு நாள் அவள் மெமோவுக்காகக் காத்திருந்தாள். மூன்றாம் நாள் வந்தது சர்க்குலர். 'பாகீரதி முறையில் முழுத் தேர்ச்சி அடைந்துவிட்டவர்கள் அதைத் தொடர்ந்து செய்யத் தேவையில்லை. அத்தகையோர் அந்த நேரத்தில் ரெக்கார்ட் ரூமில் பழைய ஃபைல்களைச் சரிபார்க்கலாம்.' ரெக்கார்ட் ரூம் என்று அவள் சொல்லவே இல்லை. அவருக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்கவும் அவளுக்குத் தைரியம் இல்லை. தேர்ச்சி அடைந்தவர் அந்த ஆபீஸில் ஒருத்திதான்.

முதல் நாள் பெஞ்சில் படுத்தபோது அவளுக்குத் தூக்கம் வரவில்லை. திருட்டுத்தனமாகத் தூங்கிப் பழகிய உடம்புக்கு, சர்க்குலர் போட்டுத் தூங்கச் சொன்னது ஒத்துக்கொள்ளவில்லை. கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். நாலாம் நாள்தான் கண் மூடியது. அதன் பிறகு கூடை காலியாயிற்று.

அடுத்த மாதம் கல்கத்தாவிலிருந்து கடிதம் வந்தது. நயினார் அதை எடுத்துக்கொண்டு அவளுடைய மெஷினுக்கே நடந்து வந்தார். பக்கத்தில் இருந்தவர்கள் எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள்.

"பாகீரதியம்மா, ஒரு சிக்கல். கல்கத்தா டைப்பிங் ஹாலுக்கு ஜன்னலே கிடையாதாம். தண்ணி குடிச்சிட்டு எங்க பாக்கணும்னு கேக்காங்க."

பாகீரதி கொஞ்சம் யோசித்தாள். அவள் மனக்கண்ணில், ஜன்னல் இல்லாத ஓர் அறையில், எந்தத் தண்ணீரை எந்த நேரத்தில் எழுந்து பிடித்துவிட்டு வந்தார்களோ, முகம் தெரியாத சில பெண்கள் மெஷின்களுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்கள்.

"கண்ணை மூடிண்டு பாக்கச் சொல்லுங்கோ சார்."

"நின்னுட்டா?"

"வேண்டாம், உக்காந்துண்டே. மேஜை மேலே கையை மடிச்சு வெச்சுண்டு, அதுமேலே தலையை வெச்சுண்டாலும் தப்பில்லை."

"எவ்வளவு நேரம்?"

"இருபத்தஞ்சு நிமிஷம்."

நயினார் பேனாவைத் திறந்தவர், ஒரு கணம் அவளைப் பார்த்தார். பிறகு ஒரு வார்த்தை விடாமல் எழுதிக்கொண்டார்.