டெய்லரம்மாவின் வலது கை

டிரைவர் தன் மனைவியைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. கல்யாணமான புதிதில் கேலியாக ஆரம்பித்த 'டெய்லரம்மா' இருபத்திரண்டு வருஷமாக ஒட்டிக்கொண்டுவிட்டது. அளவு நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, வாயால் அவனோடு சண்டை பிடித்தபடியே, கையால் கோணாமல் துணி வெட்டுவாள். பாழாய்ப்போன ரத்தக்குழாய் அடைப்பு மூளையில் எதைத் தின்றுவிட்டுப் போனதோ, மூன்று மாதமாக அந்தக் கைக்கு ஒரு பட்டன் போடத் தெரியவில்லை.

பலம் இல்லாமல் இல்லை. தன் விரலைப் பிடிக்கச் சொன்ன டாக்டரே அவள் பிடியில் வலித்து முகத்தைச் சுளித்தார். கத்தரிக்கோலைக் காட்டினால், "கத்தரிக்கோல். துணி வெட்டுறது" என்று பட்டென்று சொன்னாள். வெட்டச் சொன்னால்தான் வம்பு. தலைகீழாகப் பிடித்துத் துணிமேல் வைத்துத் தேய்த்தாள். பிறகு தன் கையை யாருடைய கையையோ பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

"டாட்டா காட்டு, பாக்கலாம். அது மட்டும் வந்தா போதும்" என்று தினமும் கெஞ்சினான் டிரைவர். கை எழும்பும், குழாயைத் திறப்பதுபோல் ஒரு திருகு திருகும், மடியில் விழும்.

ஒருநாள் அவள் மூக்கில் ஒரு ஈ உட்கார்ந்தது. கை சட்டென்று எழுந்து விரட்டிவிட்டு இறங்கியது. டிரைவருக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது.

"இது மட்டும் வருதா? என்கிட்டயே நடிக்கிறியா?"

மறுநாள் அவன் டூட்டிக்குப் போயிருந்தபோது, அவள் தானாகத் தலை வாரிக்கொள்ளப் பார்த்திருக்கிறாள். சீப்பென்று கை எடுத்தது கத்தரிக்கோலை. காதில் நாலு தையல்.

"வாரிட்டு உக்காந்திருந்தா நம்புவீங்கன்னு நெனச்சேன்" என்றாள். அவனுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொண்டு செத்துவிடலாம் போலிருந்தது.

கைக்குப் பயிற்சி கொடுக்கிற பெண் பொறுமையாகச் சொன்னாள்: "நடிப்பு இல்ல சார். சொல்லிச் செய்யணும்னா வராது, தானா வந்தா வரும். ஆனா தனியா மட்டும் விடாதீங்க."

பஸ் ஓட்டுகிறவன் எப்படி விடாமலிருப்பான்? லீவெல்லாம் தீர்ந்துவிட்டது. பார்த்துக்கொள்ளப் பிள்ளை குட்டியும் இல்லை. கடைசியில் பராமரிப்பு இல்லத்துக்குக் கூட்டிப்போனான். அவள் துணிகளை அலமாரியில் அடுக்கினான். ஒரே வேலையை மூன்று தடவை செய்தான்.

"என்னை எப்போ கூட்டிட்டுப் போவீங்க?"

"நீ டாட்டா காட்டுற அன்னிக்கே கூட்டிட்டுப் போயிடுவேன்" என்றான், சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல.

"சரி" என்று அவளும் நம்பினாள்.

வராந்தாவின் கடைசிவரை நடந்துவிட்டு, மனசு கேட்காமல் திரும்பிப் பார்த்தான். ஜன்னலில் நின்றாள். வலது கை தோளுயரம் எழுந்து, விரல்கள் விரிந்து, இப்படியும் அப்படியுமாக ஆடிக்கொண்டிருந்தது. அவன் டூட்டிக்குக் கிளம்பும்போதெல்லாம் தையல் மெஷினுக்குப் பின்னாலிருந்து ஆடிய அதே கை.

விழுந்தடித்து ஓடிவந்தான். "டாட்டா காட்டிட்டியே! எங்க, இன்னொரு தடவை காட்டு!"

கை எழுந்தது, திருகியது, விழுந்தது. அவன் வாசல்வரை போகிற மாதிரி போக்குக் காட்டிப் பார்த்தான். தொங்கிய இடத்தைவிட்டு அது அசையவே இல்லை. அவன் நிஜமாகப் போனால்தான் அதற்குத் தெரியும்போலிருந்தது.

"நான் காட்டினேனா?"

"காட்டின."

"அப்போ, வீட்டுக்கு?"

அவள் காதோரம் இருந்த நாலு தையலைப் பார்த்தான்.

"இன்னிக்கு இல்ல, டெய்லரம்மா."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பிறகு, "டூட்டிக்கு நேரமாச்சு. கிளம்புங்க" என்றாள்.

கிளம்பினான். திரும்பக் கூடாது என்றுதான் நடந்தான். வராந்தா முடிகிற இடத்தில் திரும்பிவிட்டான். அவள் இடது கையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். வலது கை கொஞ்சமும் பிசகாமல் அவனுக்கு டாட்டா காட்டிக்கொண்டிருந்தது.