பதினெட்டு கிளிக்

சகலையிடம் நான்கு விநாடி வித்தியாசத்தில் தோற்றதை மூக்குக் கண்ணாடிக் கடைக்காரரால் ஜீரணிக்கவே முடியவில்லை. வேறு யாராவது என்றால் போகட்டும் என்று விட்டிருப்பார். சகலை மெத்தைக் கடை வைத்திருப்பவர். மனைவியின் அக்காவைக் கட்டியவர். மூத்த மாப்பிள்ளை தான்தான் என்பதை நாற்காலியில் சாய்கிற சாய்விலேயே காட்டிவிடுகிற மனிதர்.

போட்டி ஒன்றும் பெரிய பந்தயம் இல்லை. ஊருக்கு வெளியே ஒரு கிடங்கின் பார்க்கிங் மைதானத்தில், மாதத்துக்கு ஒரு ஞாயிறு காலை, ஆரஞ்சுக் கோன்களை வளைத்து வளைத்து அடுக்கி வைப்பார்கள். அவரவர் வீட்டுக் காரிலேயே ஒவ்வொருவராக உள்ளே புகுந்து வெளியே வர வேண்டும். கோனைத் தட்டினால் இரண்டு விநாடி கூடும். ஆளுக்கு இரண்டு ஓட்டம். எதில் நேரம் குறைவோ அதுதான் கணக்கு. வருகிற இருபது பேரும் வாரமெல்லாம் ஆபீஸிலும் கடையிலும் வாய் பேசாமல் கிடப்பவர்கள். அன்று மட்டும் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு ஒருவரையொருவர் முறைத்துக்கொள்வார்கள்.

கண்ணாடிக் கடைக்காரருக்குத் தான் ஓட்டியதில் குறை தெரியவில்லை. காரில்தான் தெரிந்தது.

"வளைவுல வண்டி சாயுது. இப்படிச் சாஞ்சா எப்படி ஜெயிக்கறது?" என்று சாப்பாட்டு மேஜையில் உப்பு டப்பாவைச் சாய்த்துக் காட்டினார்.

"உப்பு கொட்டுது" என்றாள் மனைவி. அவள் பிசியோதெரபிஸ்ட். முதுகு பிடித்தவர்கள், முட்டி மடங்காதவர்கள் வீடுகளுக்குத் தினமும் அதே காரில்தான் போய்வருகிறாள்.

அடுத்த வாரமே காருக்குப் புது ஸ்பிரிங்கும் புது ஷாக் அப்சார்பரும் வந்து இறங்கின. ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு திருகு. திருகினால் கிளிக் கிளிக்கென்று இருபது படி. ஒன்று என்றால் மெத்து, இருபது என்றால் பாறை. மாட்டிக் கொடுத்த மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "அந்த மைதானம் மேடும் பள்ளமுமா இருக்கு சார். ரொம்ப இறுக்காதீங்க. டயர் தரையில நிக்கணும்ல?"

"நீங்க ஸ்பானரைப் பாருங்க. கணக்கை நான் பாத்துக்கறேன்."

கணக்கைப் பார்த்தார். எடை, உயரம், வளைவின் ஆரம் எல்லாம் போட்டுக் கடைசியில் பதினெட்டு என்று கண்டுபிடித்தார். அதன் பிறகு கடைக்கு வந்தவர்கள் பாடு திண்டாட்டமாயிற்று. "கீழ் வரி படிங்க… பின்பக்கத்தை இறுக்கினாத்தான் மூக்கு திரும்பும், தெரியுமா… இப்ப இது தெளிவா, அது தெளிவா?" என்று கேட்பார். "நீங்க பேசறது எதுவுமே தெளிவா இல்லீங்க" என்று ஒரு வாடிக்கையாளர் நொந்துபோய்ச் சொல்லிவிட்டு எழுந்து போனார்.

மனைவிக்கு முதல் வேகத்தடையிலேயே கண்ணில் பூச்சி பறந்தது. அன்று வீட்டுக்கு வந்ததும், "என் முதுகெலும்பு ஒவ்வொண்ணும் தனித்தனியா ஆஜர் சொல்லுதுங்க" என்றாள்.

"ரோட்டை உணரணும். அதுக்குத்தான் இது."

"ரோட்டை உணரணும்னா நான் நடந்தே போயிடுவேனே!"

அவர் சிரிக்கவில்லை. அவளைக் காரருகே கூட்டிப்போய்த் திருகைக் காட்டி, எந்தப் பக்கம் திருகினால் இறுகும், எந்தப் பக்கம் தளரும் என்று அரை மணி நேரம் வகுப்பெடுத்தார். மனிதர் வாழ்க்கையில் எடுத்த வகுப்புகளிலேயே பலன் தந்தது அது ஒன்றுதான். மறுநாள் காலை தெருமுனையில் காரை நிறுத்தி, முன்னால் இரண்டையும் பின்னால் இரண்டையும் இரண்டாம் படிக்கு இறக்கிவிட்டு நிம்மதியாக வேலைக்குப் போனாள் மனைவி. சாயங்காலம் வீடு திரும்பும்போது மறக்காமல் பதினெட்டுக்கு ஏற்றி வைத்தாள். பாவம், அவர் சந்தோஷத்தில் எதற்குக் கை வைப்பது?

போட்டியன்று காலை ஒரு நோயாளிக்கு முட்டிப் பயிற்சி கொடுக்கப் போனவள் திரும்ப நேரமாகிவிட்டது. கணவர் ஹெல்மெட்டோடு வாசலிலேயே நின்றிருந்தார். பதினெட்டுக்கு ஏற்றி வைக்கச் சந்தர்ப்பமே கிடைக்கவில்லை. அவளைப் பக்கத்து இருக்கைக்கு நகரச் சொல்லிவிட்டுக் காரை எடுத்தார். வழியில் ஒரு பள்ளம். கார் பஞ்சுபோல் இறங்கி ஏறியது.

"பாத்தியா? கல்லு மாதிரி நிக்குது!" என்றார்.

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

முதல் ஓட்டத்தில் கார் மேடு பள்ளமெல்லாம் தழுவிக்கொண்டு ஓடியது. ஒரு கோன்கூட அசையவில்லை. சகலையின் நேரத்தைவிட ஒரு விநாடி குறைவு. கூட்டம் சூழ்ந்துகொண்டது. "எத்தனைல வச்சிருக்கீங்க?" என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். "பதினெட்டு!" என்று முழங்கியபடியே, காட்டுவதற்காக பானெட்டைத் திறந்தார். திருகைத் தொட்டதும் விரல் நின்றது. கீழிருந்து எண்ணினார். ஒன்று, இரண்டு. அதோடு சரி.

பானெட்டைப் படாரென்று மூடினார். "சூடா இருக்கு" என்றார்.

மனைவியைத் தனியாக இழுத்துப் போனார். "நீ எதையாவது தொட்டியா?"

"தினமும் தொடறேன்" என்றாள் அவள் அமைதியாக.

அவருக்குக் காது மடல் சிவந்தது. கணக்கு பொய்யாகுமா? யாரும் பார்க்காத நேரத்தில் நான்கையும் பதினெட்டுக்கு ஏற்றிவிட்டு இரண்டாவது ஓட்டத்துக்குப் போனார். கார் தவளைபோல் தத்தித் தத்திப் போய் ஐந்து கோன்களைச் சாய்த்தது. ஆறாவது கோன் காருக்கு அடியில் மாட்டிக்கொண்டு கூடவே வந்தது. "டயர் சூடேறிடுச்சு" என்று அறிவித்தார். முதல் ஓட்டம் கணக்கில் இருந்ததால் வெற்றி அவருக்கே.

ஜெயித்தவர் பத்து நிமிடம் பேச வேண்டும் என்பது அந்த கிளப்பின் விதி. உண்மையைச் சொல்ல அவருக்குப் பத்து நிமிடம் முழுசாக இருந்தது. மனைவியைப் பார்த்தார். அவள் டீ குடித்துக்கொண்டிருந்தாள்.

"பதினெட்டு" என்று ஆரம்பித்தார். பத்தொன்பது பேர் குறித்துக்கொண்டார்கள்.

வீட்டுக்கு வந்ததும், "அங்க ஏன் எதுவும் சொல்லல?" என்று கேட்டார்.

"நீங்க சொல்லுவீங்கன்னு பாத்துக்கிட்டிருந்தேன்."

அடுத்த மாதப் போட்டிக்கு முன்னால் கராஜ் கதவைச் சாத்திக்கொண்டு தன் கையாலேயே இரண்டுக்கு இறக்கினார். மற்றவர்கள் எல்லோரும் அவர் பேச்சைக் கேட்டுப் புதுசு வாங்கிப் பதினெட்டில் வைத்துக்கொண்டு வந்து, மைதானமெங்கும் தத்தினார்கள். கோன் பொறுக்க ஆள் போதவில்லை. அவர் சுலபமாக ஜெயித்து, மறுபடியும் பத்து நிமிடம் பேசினார். "உங்களுக்கு இன்னும் பழக்கம் போதல" என்று தோற்றவர்களுக்கு ஆறுதலும் சொன்னார்.

இரண்டு நாள் கழித்து அக்கா போன் செய்தாள். "உன் வீட்டுக்காரர் பேச்சைக் கேட்டு இவரும் காரைக் கட்டையாக்கி வச்சிருக்காருடி. உக்காந்தா குடல் தொண்டைக்கு வருது."

தங்கைக்கு மனசு கேட்கவில்லை. "ரெண்டுல வைக்கச் சொல்லு. யார்கிட்டயும் சொல்லாதேக்கா."

அக்கா தன் புருஷனிடம் மட்டும் சொன்னாள். சகலைக்குக் கோபம் வரும் என்று பயந்திருந்தாள். அவரோ மெத்தைமேல் விழுந்து விழுந்து சிரித்தார். எழுந்து போய் இரண்டில் வைத்தார். வெளியே மட்டும் பதினெட்டைவிட்டு இறங்கவில்லை. நெருங்கிய நண்பர் ஒருவரிடம் மட்டும் ரகசியமாகச் சொன்னார். அந்த நண்பருக்கும் ஒரு நெருங்கிய நண்பர் இருந்தார்.

மூன்றாம் மாதம் மைதானமே புது ஒழுக்கத்தோடு இருந்தது. ஒருவரும் பானெட்டைத் திறக்கவில்லை. பக்கத்தில் போனால், "சூடு, தொடாதீங்க" என்றார்கள். கார்கள் எல்லாம் பஞ்சாய் மிதந்தன. "பதினெட்டுதானே?" என்று ஒருவர் கேட்க, "பின்னே? பதினெட்டேதான்" என்று மற்றவர் சொல்ல, இரண்டு பேரும் வெவ்வேறு திசையில் பார்த்துக்கொண்டார்கள்.

எல்லோரும் ஒன்றுபோல் ஆகிவிட்டதால், ஓட்டத் தெரிந்தவர்கள் முன்னால் வந்தார்கள். சகலை முதல் இடம். கண்ணாடிக் கடைக்காரர் ஏழாம் இடம்.

சகலை மேடைக்குப் போனார். நாற்காலியில் அதே சாய்வோடு சாய்ந்து, தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "ஜெயிச்சதுக்கு என்ன காரணம்னு எல்லாரும் கேக்கறீங்க. பத்தொன்பது" என்றார்.

கூட்டத்தில் சின்ன சலசலப்பு எழுந்தது. முன்வரிசையில் இருந்த கண்ணாடிக் கடைக்காரர் மனைவி பக்கம் சாய்ந்து, "பேனா இருக்கா?" என்று கேட்டார்.