கல்லில் வலம், தாளில் இடம்

1
உண்மையைச் சொல்லிவிடுகிறேன். ஆற்றோரப் பழைய புத்தகக் கடையில் வாங்கிய ஒரு கல்லச்சுப் படம்தான், அதாவது கல்லில் வரைந்து தாளில் ஒற்றியெடுத்த படம்தான், இந்தக் கதைக்கு மூலம். பாரிஸ் தெரு, 1848 ஜூன் கலவரம். கவிழ்ந்த வண்டிமேல் ஏறி ஒருத்தி கல்லை ஓங்குகிறாள். பின்னால் ரொட்டிக்கடைப் பலகை. அவளுக்கு ஸெஃபிரின் என்று பெயர் வைத்தேன். தெருவில் சூப் விற்பவள். வரைந்தவன் ஒக்தாவ்.

2
அன்று காலை மழை... (வேண்டாம். மழையில் தொடங்கிய எதையும் நான் முடித்ததில்லை.)

நேராக விசாரணைக்குப் போவோம். கல்லடியில் ஒரு சிப்பாயின் மண்டை உடைந்திருக்கிறது. பழி ஸெஃபிரின்மேல். தண்டனை, கப்பலில் ஏற்றி நாடு கடத்துவது. சாட்சி இந்தப் படம். படத்தில் ஓங்கியிருப்பது வலக்கை. ஸெஃபிரினின் வலக்கையோ கொதிக்கும் சூப்பில் வெந்தது. தோளுக்கு மேல் எழாது. அப்படியானால் அது அவளில்லை. ஆனால் கல்லில் வரைந்தது தாளில் இடம்வலம் மாறி விழும் என்று நீதிபதிக்கு யாரோ சொல்லிவிட்டார்கள். அப்படி மாறியிருந்தால் ஓங்கியது இடக்கை; அது அவளாகவும் இருக்கலாம்.

"பலகையில எழுத்து நேரா இருக்கே?"

"அதைக் கல்லுல திருப்பி எழுதினேங்க."

"ஆளுங்களையும் திருப்பித்தான் வரைஞ்சியா?"

நினைவில்லை என்றான் ஒக்தாவ். எழுத்தைத் திருப்பாவிட்டால் ஊர் சிரிக்கும். ஆளைத் திருப்பாவிட்டால் யாருக்குத் தெரியும்? அவசரத்தில் பாதிப் படங்களில் அப்படியே விட்டுவிடுவான். இதில் என்ன செய்தான்? சன்னலிலிருந்து பார்த்து நேரே கல்லில் வரைந்தது. ஒப்பிட்டுப் பார்க்க ஒரு துண்டுத்தாள்கூட இல்லை.

3
[நிஜமாகவே மறந்தவனா, நடிக்கிறானா? மூன்று முறை எழுதினேன். மூன்று முறையும் வேறு ஆள் வந்தான்.]

நீதிமன்றத் தாழ்வாரத்தில் ஒக்தாவ் ஸெஃபிரினிடமே கேட்டான்.

"ஏம்மா, அது நீதானா?"

"வரைஞ்சவன் நீ, கேக்குறது என்னையா? தினம் என் சூப்பைக் குடிச்சியே, மூஞ்சி தெரியலையா?"

"மூஞ்சி தெரியுது. கைதான்..."

"கையை மட்டும் மறந்துட்டியாக்கும். நல்லா வரைஞ்ச, போ!" அவள் குரல் உடைந்தது. "வீட்ல ரெண்டு வயசுப் பொண்ணு இருக்குய்யா."

எறிந்தாளா என்று அவனிடம் சொல்லவில்லை. என்னிடமும் சொல்லவில்லை.

4
முடிவு ஒன்று: "திருப்பித்தான் வரைந்தேன்" என்று பொய் சொல்லி அவளை மீட்கிறான். (பொய் என்று எனக்கு எப்படித் தெரியும்?)

முடிவு இரண்டு: "தெரியாது" என்கிறான். அவளைக் கப்பலில் ஏற்... கை வரவில்லை, அடித்துவிட்டேன்.

5
சத்தியம் செய்து சொல்லும்படி வலக்கையைத் தூக்கச் சொன்னார்கள். இருபது வருடம் உலகத்தையே மாற்றிப் போட்டு வரைந்தவன், தன் இரண்டு கைகளையும் குழப்பத்தோடு பார்த்தான். ஒன்றைத் தூக்கினான். வாயைத் திறந்தான்.

எனக்கு இதற்கு மேல் தெரியவில்லை. அவன் சொல்ல வேண்டியதை நீங்கள் சொல்லுங்கள். சீக்கிரம்; படத்தில் இருப்பவள் கையை இன்னும் இறக்கவில்லை.