மஸீனா நோன்பு திறந்த நேரம்

என் மனைவி மஸீனாவிடம் ஒரு காரியம் வேண்டாம் என்று சொன்னால் போதும், அதைச் செய்துவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பாள். நீரிழிவு என்கிற சீனி வருத்தம் வந்தும் அந்தக் குணம் போகவில்லை. போன றமழானில், பகலில் குளிசை போட முடியாதே என்று, காலைக் குளிசையையும் இரவுக் குளிசையையும் விடியமுன் சாப்பிடும் சஹருக்கு ஒன்றாக விழுங்கியிருக்கிறாள். பகலில் குசினிக்குள், அடுப்படியில் விழுந்து கிடந்தாள். அன்று எனக்குப் பாதி உயிர் போய்விட்டது.

இந்த வருடம் கிளினிக்கில் புது டொக்டர், கௌசலா என்று பெயர்.

"இவா நோன்பு பிடிக்கக் கூடாதெண்டு சொல்லுங்கோ டொக்டர்" என்று நானே முந்திக்கொண்டேன்.

மஸீனா அழத் தொடங்கினாள். "சின்ன வயசிலயிருந்து விடேல்ல. இடம்பெயர்ந்து புத்தளத்தில அகதி முகாமில கிடந்தும் பிடிச்சனான்."

டொக்டர் என் பக்கம் திரும்பவேயில்லை. சஹருக்கு என்ன சாப்பாடு, பகலில் எவ்வளவு வேலை என்று அவளிடமே கேட்டார். கிட்னி றிப்போட்டைப் பார்த்தார். பிறகு பெரிய குளிசையைப் பொழுதுபட நோன்பு திறக்கும் நேரத்துக்கு மாற்றி, சஹருக்கு உள்ளதைப் பாதியாக்கினார்.

"இது உங்கட உடம்புக்கு மட்டும். அயலட்டையில ஒருத்தருக்கும் சொல்லிக் குடுத்திடாதேங்கோ. பின்னேரம் விரலில குத்தி மெஷினில சீனி பாருங்கோ. எழுபதுக்குக் கீழ போனா உடனே நோன்பைத் திறக்கவேணும், பொழுதுபட்டு மஃரிப் ஆகும்வரைக்கும் பாத்துக்கொண்டிருக்கேலாது. ஓமெண்டால் பிடிக்கலாம்."

"ஓம்" என்றாள் மஸீனா. எனக்குத்தான் நம்பிக்கையில்லை. மயங்கி விழுந்தாலும் விழுவாளே தவிர, பிடித்த நோன்பை விடமாட்டாள்.

அதனால் தினமும் பின்னேரம் அஸர் தொழுத கையோடு என் கடையைச் சாத்திவிட்டுத் தண்ணீரூற்றில் இருக்கும் வீட்டுக்கு ஓடிவருவேன். "பொலிஸ் வந்திட்டுது" என்று சிரித்துக்கொண்டே மெஷினைக் காட்டுவாள். எல்லா நாளும் அளவு நன்றாகத்தான் இருந்தது.

இருபத்தேழாம் நோன்பு. ஊரில் சின்னப் பிள்ளைகள்கூட விடாத நோன்பு. அன்று கடையில் சனம் கூடி, நான் பிந்தி வரும்போது மஸீனா குசினிக் கதிரையில் வியர்த்துப்போய் இருந்தாள். மெஷினில் அறுபத்து நாலு. மஃரிபுக்கு ஒரு மணித்தியாலம்கூட இல்லை. கத்துவதற்கு வாயைத் திறந்தேன்.

அவள் வாய்க்குள் பேரீச்சம்பழம் இருந்தது. சீனி போட்ட தேத்தண்ணி பாதி முடிந்திருந்தது.

"திறந்திட்டன்" என்றாள். "பெருநாள் முடிஞ்ச பிறகு இந்த ஒண்டைத் திருப்பிப் பிடிப்பன்."

நான் அப்படியே நின்று அழுதுவிட்டேன்.

"இப்ப என்னத்துக்கு அழுறீங்கள்?" என்று அதட்டினாள். "நான் அடுத்த வருசமும் நோன்பு பிடிக்கவேணுமெல்லே?"