மூன்று புள்ளி இரண்டு

கத்தரிக்கோல் வளையத்தில் என் கட்டைவிரல் சிக்கிக்கொண்டபோது, நாற்காலியில் இருந்த பெண்ணுக்குப் பாதி முடிதான் வெட்டியிருந்தேன். கணு வீங்கியிருந்தது. உள்ளே போன விரல் வெளியே வரவில்லை.

"என்னக்கா, ஒரு பக்கம் குட்டை, ஒரு பக்கம் நெட்டை. புது ஸ்டைலா?" என்று அவள் கண்ணாடியைப் பார்த்துச் சிரித்தாள். நானும் சிரித்து வைத்தேன். சோப்பு நுரை தடவி விரலை உருவிக்கொண்டு, மீதியை எப்படியோ ஒப்பேற்றி அனுப்பினேன்.

வீட்டில் சொன்னால் எடுபடாது. "ரத்தமே நல்லா இருக்குன்னு சொல்லுது. உனக்கு மட்டும் எங்கிருந்துடி வலி வருது?" என்பார் கணவர். முடக்குவாதத்துக்கு மருந்து தொடங்கியதிலிருந்து மாதம் ஒரு தடவை ரத்தப் பரிசோதனை. மூட்டுக்குள் எவ்வளவு அழற்சி என்று ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. என்ற இரண்டு எண்கள் காட்டும். ஐந்து மாதமாக இரண்டும் நார்மல். டாக்டரம்மா வலி இருக்கிறதா என்று கேட்கும்போதெல்லாம் அந்தத் தாளைப் பார்த்துவிட்டு, "பரவாயில்ல டாக்டர்" என்று நானே சொன்னேன். மருந்து பாதியாகக் குறைந்தது.

ரத்தம் எடுப்பது என் நாத்தனார். ஒரு லேபில் வேலை. பயந்த முயல் மாதிரி ஒளிந்துகொள்ளும் என் நரம்பை ஒரே குத்தில் பிடிப்பவள் அவள் ஒருத்திதான். விடியற்காலையிலேயே எங்கள் வீட்டுக்கு வந்து, சமையலறை மேசையில் என் கையை நீட்டவைத்து, "அண்ணி, கையை எங்கிட்ட விட்டுட்டு ஜன்னலைப் பாருங்க" என்பாள். பணம் கொடுத்தால், "வீட்டுக்குள்ள என்ன அண்ணி கணக்கு" என்று கோபித்துக்கொள்வாள்.

இந்த மாதம் அவளுக்குக் காய்ச்சல். நானே அவளுடைய லேபுக்குப் போனேன். கண்ணாடி போட்ட ஒருவர் மூன்று இடத்தில் குத்தி ரத்தம் எடுத்தார். மாலையில் மறுபடி போனபோது, சி.ஆர்.பி. நாற்பத்தாறு என்று தாள் கொடுத்தார். பத்துக்குள் இருக்க வேண்டியது.

"போன மாசம் மூணு புள்ளி ரெண்டுதானே?" என்று பழைய தாள்களை நீட்டினேன். அவர் ஐந்தையும் பரப்பினார். ஈ.எஸ்.ஆர். மாதத்துக்கு ஒரு எண்ணாக மாறியிருந்தது. சி.ஆர்.பி. மட்டும் ஐந்திலும் மூன்று புள்ளி இரண்டு. 'நார்மல்' என்ற சொல்லைத் தாண்டி நான் படித்ததே இல்லை.

பதிவேட்டைப் புரட்டியவர் குரலைத் தாழ்த்தினார். "உங்க பேர்ல சி.ஆர்.பி. போடவே இல்லம்மா. ஈ.எஸ்.ஆர். மட்டும் போட்டிருக்கு, அதுவும் சாயங்காலம். எடுத்து நாலு மணி நேரத்துக்குள்ள குழாயில நிறுத்தணும். சிவப்பணு அடியில இறங்கற வேகந்தான் ஈ.எஸ்.ஆர். ரொம்ப நேரம் வச்ச ரத்தம் மெதுவாத்தான் இறங்கும். நம்பர் குறைச்சலாக் காட்டும்."

விடியலில் எடுத்த என் ரத்தம், நாத்தனார் தன் பிள்ளையைப் பள்ளியில் விட்டு, வீட்டு வேலை முடித்து, மதியம் வேலைக்குக் கிளம்பும்வரை அவள் கைப்பையில் கிடந்திருக்கிறது.

விடியும்வரை காத்திருக்கவில்லை. அவள் வீட்டுக்கே போனேன். போர்வைக்குள்ளிருந்து எழுந்து உட்கார்ந்தாள்.

"சி.ஆர்.பி. டெஸ்ட் போடற மருந்தை லேபுல எண்ணிக் குடுப்பாங்க அண்ணி. ஓசியில போட்டா வேலை போயிடும். ஈ.எஸ்.ஆர். நல்லா வந்துச்சு, இதுவும் அப்படித்தான் இருக்கும்னு நானே ஒரு நம்பரை..."

"பணம் தர்றேன்னு எத்தனை தடவை கேட்டேன்?"

அவள் தலை குனிந்தாள். "சி.ஆர்.பி. போடலன்னு ரெண்டாம் மாசமே அண்ணன்கிட்ட சொல்லிட்டேன். 'அதான் ஒண்ணு நார்மலா இருக்குல்ல, அவளைப் போட்டுக் குழப்பாதே'ன்னுட்டாரு."

நான் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். இனி கேட்க வேண்டியது என் வீட்டில் இருந்தவரை.

மறுநாள் காலை கடையில், விரல் தேறியிருக்கிறதா பார்க்கலாம் என்று கத்தரிக்கோலை எடுத்தேன். விரல் மறுபடி சிக்கியது. வீட்டுச் சாவியைக் கொடுக்க வந்த கணவர் வாசலில் நின்று பார்த்தார். அவருக்கு இன்னும் காட்டாத அந்த ஆறு தாள்களும் என் பைக்குள் இருந்தன.

"குடு, நான் எடுத்துவிடறேன்" என்று பக்கத்தில் வந்து கையை நீட்டினார்.

நான் கையை மார்போடு அணைத்துக்கொண்டேன். கத்தரிக்கோலின் இரண்டு அலகுகளும் திறந்தபடி, அவர் பக்கமாக நின்றன.