முதல் சஹனில் ஓர் இடம்

வாருங்கள், வந்து பாருங்கள்! பிறகு எவரும் அறியேன் என்று சொல்ல வேண்டாம். மலேசியாவின் ஜார்ஜ் டவுனில், சுங்கை பினாங் அடுக்குமாடிகளுக்கு எதிரே, மதியக் கூட்டம் கலைந்த தன் நாசி கண்டார் சோற்றுக்கடையில் ஓர் அண்ணன் தன் தங்கையோடு பேசிக்கொண்டிருக்கிறார். அவள் தோளில் தூக்கி வளர்த்த பெண்ணின் கலியாணச் சாப்பாட்டில் அவளுக்கு இடமில்லை என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்.

தங்கையின் பெயர் நூர்ஜான். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்றில் வேலை. கணவர் வழியே அவளுக்கு எச்.ஐ.வி. வந்தது. கணவர் இறந்தார், அவள் நாளுக்கு ஒரு மாத்திரையோடு நிமிர்ந்து நின்றாள். சோதனையில் தென்படாத அளவுக்கு அவள் இரத்தத்தில் கிருமி அடங்கிப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. அண்ணன் அப்துல் அஜீஸும் மதினி ஆயிஷாவும் இதை அறிவார்கள். அறிந்தே அவள் சமைத்ததை உண்டார்கள். அறிந்தே மகள் சல்மாவை அவள் மடியில் விட்டுவிட்டுக் கடையைக் கவனித்தார்கள்.

பிறகு இப்போது என்ன வந்தது? ஓர் ஆராய்ச்சி வந்தது.

மருந்து அந்தக் கிருமியை அடக்கும், அடியோடு ஒழிக்காது. உடம்பின் சில வெள்ளை அணுக்களுக்குள் அது உறங்கிக் கிடக்கும். மருந்து நின்றால் எழுந்துவிடும். அதன் உறக்கத்தைக் கலைத்து, ஒளிவிடத்திலிருந்து வெளியே இழுத்து, ஒரேயடியாகத் தீர்த்துக்கட்ட வழி உண்டா என்று உலகெங்கும் தேடுகிறார்கள். அப்படித் தேடுகிறவர்களில் ஒருவர் டாக்டர் ஷாஹிரா. அவருக்குத் தன் அணுக்களைக் கொடுக்க நூர்ஜான் ஒப்புக்கொண்டாள். அந்தப் பெருமிதத்தில்தான் அண்ணனிடம் வாயைத் திறந்தாள்: "என் ரத்தத்துல தூங்குறத எழுப்பிப் பாக்கப் போறாங்களாம் அண்ணே."

அப்துல் அஜீஸ் அன்றிலிருந்து அவள் குடித்த தம்ளரைத் தனியே வைத்தார்.

அவர்கள் வழக்கப்படி கலியாணச் சாப்பாடு சஹனில்தான். ஒரு பெரிய தட்டில் பிரியாணி கொட்டியிருக்கும். நால்வர் சுற்றி அமர்ந்து அதிலேயே கைவைத்து உண்பார்கள். மணப்பெண்ணின் முதல் சஹனில் தாய், தாயின் சகோதரி, தந்தையின் சகோதரி ஆகிய மூவரும் அவளோடு உட்கார வேண்டும். சல்மாவுக்கு அந்த மாமி நூர்ஜான்.

"கல்யாணத்துக்கு வராதன்னா சொல்றேன்?" என்றார் அண்ணன். "சஹன்ல மட்டும் உக்காராத. குசினில தனித் தட்டு வச்சுத் தரச் சொல்றேன்."

"இத்தன வருஷமா உக்காந்தேனே?"

"அப்ப தூங்கிக்கிட்டு இருந்துச்சு. இப்ப நீயே ஆள் வச்சு எழுப்புற. அந்த ரிசர்ச்ச விட்டுடு, மொத சஹன் உனக்குத்தான்."

"என் உடம்புக்குள்ளயா எழுப்புறாங்க? லேப்லதான்லா, அண்ணே!"

கல்லாவிலிருந்து ஆயிஷா சிரித்தாள். "புலிய எழுப்பிட்டு, பக்கத்து ரூம்புலதான் எழுப்புனேன்னு சொல்ற மாதிரி இருக்கு நூர்ஜான்."

மறுநாள் நூர்ஜான் டாக்டரைக் கடைக்கே அழைத்து வந்தாள். ஷாஹிரா மீன்தலைக் கறியோடு சோற்றைப் பிசைந்தபடியே விளக்கினார். எடுத்த அணுக்கள் ஆய்வுக்கூடத்தில் இருக்கும், எழுப்புவது அங்கேதான். நூர்ஜான் உடம்பில் எதையும் எவரும் எழுப்பப் போவதில்லை. "இன்னொண்ணு அண்ணே. அது முழிச்சிருந்தாலும் ஒரே தட்டுல சாப்பிட்டா பரவாது. என்னிக்கும் பரவுனதில்ல."

அப்துல் அஜீஸ் பொறுமையாகக் கேட்டார். டாக்டருக்கு நுரை பொங்க ஆற்றிய தே தாரிக் டீ வரவழைத்தார். பின் சொன்னார்: "புரியுது டாக்டர். நல்லாவே புரியுது. ஆனா எழுப்பப் போறாங்கங்கிற விஷயம் மாப்பிள்ள வீட்டுக்காரங்களுக்குப் போயிடுச்சு. மண்டபம் நெறைய ஆளு. அவங்களுக்கெல்லாம் யாரு புரிய வைக்கிறது? இவ அத விட்டுட்டான்னு சொன்னாத்தான் அடங்குவாங்க."

கவனியுங்கள்! அறியாமல் செய்தவருக்கு அறிவைக் கொடுத்தால் திருந்துவார். அறிந்தபின் செய்கிறவருக்கு என்ன கொடுப்பது?

வெளியே பேருந்து நிறுத்தத்தில் ஷாஹிரா சொன்னார்: "நீங்க வெலகிக்கிட்டா எனக்குக் கோவமில்லக்கா. வேற ஆளு தேடிக்கலாம். சல்மாவுக்குக் கல்யாணம் ஒரு வாட்டிதான்."

நூர்ஜான் அதை நினைக்காமல் இல்லை. ஒரு வார்த்தை சொன்னால் போதும். சல்மாவின் அருகே உட்கார்ந்து அவளுக்கு முதல் பிடி ஊட்டலாம். ஆனால் எதை ஒப்புக்கொண்டு அங்கே உட்காருவது?

"நான் வெலகுனா அவரு பயந்தது சரின்னு ஆயிடும் டாக்டர். எப்ப வரணும்னு சொல்லுங்க."

குறித்த நாளில் ஆஸ்பத்திரிக்குப் போய்க் கைகளை நீட்டிப் படுத்தாள். ஒரு கையிலிருந்து போன இரத்தத்தை இயந்திரம் வாங்கி, வேண்டிய அணுக்களைப் பிரித்துக்கொண்டு, மிச்சத்தை மறுகைக்குத் திருப்பிக் கொடுத்தது.

கலியாணத்தன்று குசினியில் அவளுக்கென்று ஒரு பிளாஸ்டிக் தட்டு காத்திருந்தது. நூர்ஜான் அதைக் கடந்து மண்டபத்துக்குள் நடந்தாள். முதல் சஹனில் சல்மாவும், தாயும், தாயின் தங்கை ஃபஸீலாவும் அமர்ந்திருந்தார்கள். நாலாவது பக்கத்தில் அவள் உட்கார்ந்தாள், கை கழுவினாள், பிஸ்மி சொல்லிச் சோற்றில் கை வைத்தாள்.

ஃபஸீலா முதலில் எழுந்தாள். "எனக்கு கேஸ்ட்ரிக்... நீங்க சாப்புடுங்க."

ஆயிஷா எழுந்து மகளின் முழங்கையைப் பற்றினாள். "மாப்பிள்ள வீட்டுக்காரங்க பாக்குறாங்க. எந்திரி."

நூர்ஜான் சல்மாவைப் பார்த்தாள். அந்த ஒருத்தி உட்கார்ந்திருந்தால் போதும் அவளுக்கு.

மருதாணிக் கை சஹனின் விளிம்பில் சற்றே தங்கியது. பிறகு சல்மாவும் எழுந்தாள். குனிந்து, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் சொன்னாள்: "கோவிச்சுக்காதீங்க மாமி. அப்புறமா பொட்டலமா தப்பாவ் பண்ணி வீட்டுக்குக் கொண்டாறேன்லா."

நூர்ஜான் எழவில்லை. தன் பக்கத்துச் சோற்றை நிதானமாக உண்டு முடித்தாள். கறித்துண்டையும் விடவில்லை. மண்டபமே பார்த்தது. மூவரின் பங்கு ஆறிக் கிடந்தது.

இதைப் படித்து ஐயோ பாவம் என்று பெருமூச்சு விடுகிறவர்களே, உங்கள் பெருமூச்சு அவளுக்கு எதற்கு? உறங்கும் கிருமியை ஒழிப்பது எப்படி என்பது இன்னும் எவருக்கும் தெரியாது. தேடுகிறார்கள், அவளும் தன் உடம்பைக் கொடுத்துத் தேடுகிறாள். அவளோடு உட்கார்ந்து உண்பது எப்படி என்பது உங்களுக்குத் தெரியும். உங்கள் வீட்டுக் கலியாணத்துக்கு அவளை அழையுங்கள். வாசலுக்கு நீங்களே போய்க் கூட்டி வாருங்கள். அவள் அருகில் அமர்ந்து, அவள் கை வைத்த சோற்றில் உங்கள் கையை வையுங்கள். யார் எழுந்தாலும் நீங்கள் எழாதீர்கள்!