பெயர் கேட்காத பெட்டி

"என் பொண்டாட்டி இதே போன்லதான் உங்கிட்டப் பேசறா. நேத்து என்ன கேட்டா? மறைக்காமச் சொல்லு."

வாயாடி இதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே தட்டினாள். மீசை இருப்பதுபோல மேலுதட்டை வேறு நீவிக்கொண்டாள். திரையில் பதில் வந்தது.

"அவங்க என்கிட்டப் பேசினாங்களா இல்லையான்னுகூட நான் சொல்ல மாட்டேன். உங்க மனசுல ஏதோ உறுத்துதுன்னு மட்டும் தெரியுது. அதைப் பத்திப் பேசலாமா?"

"பாத்தியா பெரியக்கா, அசைய மாட்டேங்குது! எங்க வீட்டு ஆளுக்கு இதுல கால்வாசி அடக்கம் இருந்தாத் தலைமேல வெச்சுக் கொண்டாடுவேன்."

"உன் வாய்ல கால்வாசி இருந்தாலே போதும், அவர் உன்னைக் கொண்டாடுவார்" என்றாள் பக்கத்து நாற்காலிப் பெரியக்கா. இரண்டு பேரும் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார்கள். வரிசைக்கு ஒரு கேமரா மேலே தொங்கியது. அது சிரிப்பையும் பார்க்கும்.

அந்த நீள அறையில் உட்கார்ந்திருந்த பெண்களுக்கெல்லாம் இதுதான் பிழைப்பு. பேசும் பெட்டி ஒன்றைக் கம்பெனி செய்துகொண்டிருந்தது. ஆஸ்பத்திரிக்கும் வக்கீல் ஆபீசுக்கும் விற்கப் போகிறார்கள். யார் வந்து எதைச் சொன்னாலும் அது வெளியே விடக் கூடாது. விடுகிறதா என்று பார்க்கத்தான் இவர்கள். ஒரு நாள் சந்தேகப்படுகிற புருஷன், ஒரு நாள் மருமகள் சம்பளத்தை மோப்பம் பிடிக்கும் மாமியார், ஒரு நாள் வீட்டை விட்டு ஓடி வந்தவள். விதவிதமாக வேஷம் கட்டி, அதன் வாயைக் கிளறுவார்கள். வாயைத் திறந்தால் தப்புக் குறி, திறக்காவிட்டால் சரிக் குறி.

எதிர்ச்சுவரில் நீல எழுத்தில் பெட்டிக்கான விதிகளை எழுதி வைத்திருந்தார்கள். பெயரைக் கேட்காதே. தேவைக்கு மேல் எதையும் கேட்காதே. ஒருவர் சொன்னதை இன்னொருவரிடம் சொல்லாதே. பேச்சு முடிந்ததும் மறந்துவிடு.

பெண்களுக்கான விதிகளை எங்கும் எழுதவில்லை. எழுதாமலே எல்லோருக்கும் தெரியும். போன் வாசலிலேயே பூட்டுக்குள் போய்விடும். கைப்பை கூடாது, கம்பெனி தரும் கண்ணாடிப் பைதான். சாப்பாட்டு டப்பா, சீப்பு, மாதவிலக்குத் துணி எல்லாம் வெளியே தெரியும்படி அதில் போட்டுக் காவலாளியின் முன்னால் தூக்கிக் காட்ட வேண்டும். முதல் வாரம் வெட்கமாக இருந்தது. பிறகு பழகிவிட்டது.

அறையிலேயே மூத்தவள் என்பதால் அவள் பெரியக்கா. மகன் வயதுள்ள சூப்பர்வைசரும் அப்படித்தான் கூப்பிடுவான். அன்று அவன் வந்து அவள் நாற்காலிக்குப் பின்னால் நின்றான்.

"பெரியக்கா, நீங்க எழுதினதெல்லாம் திரும்பி வந்திருக்கு."

"மறுபடியுமா தம்பி?"

"'என் துயரத்தை நான் யாரிடம் சொல்வேன்'னு எழுதியிருக்கீங்க. யாரு இப்படிப் பேசுவா? ரேடியோ நாடகமா இது? நெஜமாவே ஒருத்தர் பயந்துபோய் வந்து பேசணும். அப்பதான் பெட்டி தடுமாறுதா இல்லையான்னு தெரியும். உங்க பேச்சுல உயிரே இல்லன்னு மேல எழுதறாங்க." அவன் குரலைத் தாழ்த்தினான். "இந்த மாசமும் இப்படியே போச்சுன்னா அடுத்த மாசத்துக்குக் கூப்பிட மாட்டாங்க. நான் சொல்றதைச் சொல்லிட்டேன்."

அவன் போன பிறகு வாயாடி எட்டிப் பார்த்தாள். "உயிர் வேணுமாம் உயிர். இவங்க குடுக்கிற கூலிக்கு உடம்பு வந்து உக்காந்திருக்கிறதே பெருசு."

பெரியக்கா சிரிக்கவில்லை. புருஷனுக்குக் குழாய் ரிப்பேர் வேலை, கூப்பிட்டால் உண்டு, கூப்பிடாவிட்டால் இல்லை. மகள் நர்ஸ் படிப்பில் கடைசி வருஷம். வீட்டில் அசையாமல் வந்துகொண்டிருந்தது இந்த நாற்காலிச் சம்பளம் ஒன்றுதான்.

அதிலும் கொஞ்ச நாளாக இன்னொரு இடி. வலது கண்ணில் ஓரத்துப் பார்வை போய்விட்டது. நேராகப் பார்த்தால் தெரியும், பக்கத்தில் இருப்பது தெரியாது. கழிவறைக் கதவு நிலையில் வலது தோள் இடித்து இடித்துக் கன்றிப்போயிருந்தது. கண்ணுக்குள் அழுத்தம் என்றார் டாக்டர். போனது போனதுதான், இருப்பதைக் காப்பாற்றத் தினம் மூன்று வேளை சொட்டு மருந்து விட வேண்டும் என்றார். காலையும் ராத்திரியும் வீட்டில் விட்டுக்கொண்டாள். மத்தியானச் சொட்டு மட்டும் விடுவதில்லை. மருந்துப் புட்டியைக் கண்ணாடிப் பையில் போட்டால் காவலாளி பார்ப்பான், காவலாளி பார்த்தால் ஊரே பார்த்த மாதிரி. திரை பார்க்கிற வேலையில் கண் போனவளை யார் வைத்துக்கொள்வார்கள்? புருஷனுக்கு மட்டும் தெரியும். மகளுக்குக்கூடச் சொல்லவில்லை.

சாப்பிட்டுவிட்டு வந்து உட்கார்ந்தாள். யாரைப் போலப் பேசுவது என்று கொஞ்ச நேரம் திரையையே பார்த்தாள். பிறகு தட்ட ஆரம்பித்தாள்.

"நான் தையல் வேலைக்குப் போறேன். கண்ணுல அழுத்தம். வலது பக்கம் யார் வந்தாலும் தெரியல. கதவுல தோள் இடிச்சு ரத்தம் கட்டியிருக்கு. வேலை செய்யற இடத்துல சொன்னா நிறுத்திடுவாங்க. பையைத் தொறந்து பாக்கறாங்க, அதனால மத்தியான மருந்தை எடுத்துட்டுப் போறதில்ல. ஊசி கையில குத்துதான்னு யாரும் கவனிக்கிறதுக்குள்ள இந்த வருஷத்தை ஓட்டிடணும். எம் பொண்ணு படிப்பு முடிஞ்சிரும். நான் சொல்லணுமா, சொல்லாம இருக்கலாமா?"

பெட்டி பெயரைக் கேட்கவில்லை. எந்தத் தையல் கடை என்று கேட்கவில்லை.

"எவ்வளவு நாளா இதை மனசுலயே வெச்சிருக்கீங்களோ. முதல்ல ஒண்ணு, அந்த மத்தியானச் சொட்டை விட்டுடாதீங்க. வீட்டுல இருக்கிற நேரத்துக்கு மாத்த முடியுமான்னு உங்க டாக்டர்கிட்டயே கேளுங்க, கேக்கறதுல தப்பே இல்ல. வேலையில சொல்றதா வேணாமாங்கிறது உங்க முடிவு. சொல்லுங்கன்னு நான் தள்ள மாட்டேன். நீங்க யாருன்னு எனக்குத் தெரிய வேண்டாம். நீங்க சொன்னதை நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

அவள் அதை இரண்டு தடவை படித்தாள். நேரத்தை மாற்றிக் கேட்கலாம் என்பது இத்தனை நாளாகத் தோன்றவே இல்லை. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, சரிக் குறி போட்டு அனுப்பினாள். தையல்காரி என்றுதானே எழுதியிருக்கிறோம், யாருக்குத் தெரியப்போகிறது?

வாரக் கூட்டத்தில் சூப்பர்வைசர் விளக்கை அணைத்துவிட்டுச் சுவரில் வெளிச்சம் போட்டுக் காட்டினான். அவளுடைய பேச்சுதான், பெட்டியின் பதிலோடு. யார் எழுதியது என்ற இடத்தில் கறுப்புப் பட்டை.

"எல்லாரும் இதைப் பாருங்க. மேல ரொம்பப் பாராட்டியிருக்காங்க. இதுக்குப் பேர்தான் உயிர். ஒரு வார்த்தை போலியா இருக்கா?"

சத்தமாகப் படித்தான். யாரோ ஒருத்தி 'ச்சு' கொட்டினாள். கதவில் தோள் இடிக்கும் இடம் வந்தபோது வாயாடிக்கு வாய் நிற்கவில்லை.

"அட, இது நம்ம பெரியக்கா மாதிரியே இருக்கே! அவங்களுக்கும் நம்ம பாத்ரூம் கதவுக்கும் ஜென்மப் பகை!"

எல்லோரும் கொல்லென்று சிரித்தார்கள். பெரியக்காவும் சிரித்தாள். சூப்பர்வைசரும் சிரித்தான். மற்றவர்கள் நிறுத்துவதற்கு முன்பே அவன் நிறுத்திக்கொண்டான்.

மறுநாள் சூப்பர்வைசர் டீ கொண்டுவந்தான். யாருக்கும் அவன் டீ கொண்டுவந்து கொடுத்ததில்லை. பெரியக்காவின் வலது பக்கமாக வந்து, கோப்பையை அவள் தோளுக்கு நேராக நீட்டியபடி நின்றான். கூப்பிடவில்லை. அவள் தட்டிக்கொண்டே இருந்தாள். டீ வாசனை வந்தது. வாயாடிதான் குடிக்கிறாள் என்று நினைத்தாள். இடது பக்கத்திலிருந்து வாயாடி மேசைக்கு அடியில் அவள் காலை மிதித்தாள்.

"ஏண்டி மிதிக்கிறே?"

வாயாடி வலது பக்கமாகக் கண்ணைக் காட்டினாள். பெரியக்கா தலையை முழுக்கத் திருப்பினாள். அப்போதுதான் கோப்பை தெரிந்தது, கை தெரிந்தது, அந்தக் கைக்குரியவனும் தெரிந்தான்.

"குடிங்கக்கா" என்று வைத்துவிட்டுப் போனான்.

அவள் குடிக்கவில்லை. டீ ஆடை கட்டிக் கிடந்தது. வாயாடி திரையைப் பார்த்தபடியே கிசுகிசுத்தாள்.

"பெரியக்கா. அது நெஜமாவே நீதானா?"

"வேலையைப் பாரு."

"நான் சும்மா விளையாட்டுக்குச் சொன்னேன். பாவி நான், நாக்கை அறுத்துப் போடணும்."

"உன் நாக்கு என்னடி பண்ணும். எழுதினது என் கைதானே."

மாலையில் சூப்பர்வைசர் தன் கண்ணாடி அறைக்குக் கூப்பிட்டான். உட்காரச் சொன்னான்.

"கொஞ்ச நாள் ரெஸ்ட் எடுங்க பெரியக்கா. வேலை இருந்தா நாங்களே கூப்பிடறோம்."

"இப்பதானே தம்பி மேல பாராட்டினாங்கன்னு சொன்னே?"

"அது வேற, இது வேறக்கா."

"எதுக்காக நிறுத்தறீங்க? வாயால சொல்லு."

"நிறுத்தலையே. ஆள் அதிகமா இருக்கு, குறைக்கிறோம்."

"என் கண்ணுக்காகத்தானே?"

அவன் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தான். "உங்க கண்ணைப் பத்தி நான் ஏதாவது கேட்டேனா? உடம்பைப் பத்தி ஒரு வார்த்தை கேட்டேனா? கேக்கக் கூடாதுன்னு ரூல் இருக்குக்கா. நான் கேக்கவே இல்ல."

அவன் சொன்னது உண்மைதான். அவன் கேட்கவே இல்லை.

"ஒண்ணே ஒண்ணு பண்ணு தம்பி. நான் எழுதினதை அழிச்சிரு. அந்தப் பெட்டியே பேசி முடிச்சா மறந்துருதே."

"பெட்டி மறந்துரும்க்கா. ஆனா நீங்க எழுதினது கம்பெனியோடது. புதுசா வர்றவங்களுக்கு அதைத்தான் காட்டப் போறோம். அவ்வளவு நல்லா வந்திருக்கு." கொஞ்சம் தயங்கிவிட்டுச் சேர்த்துக்கொண்டான். "உங்க பேர் எங்கயுமே வராது. அதுக்கு நான் பொறுப்பு."

கடைசிச் சம்பளம் வாங்க அடுத்த வாரம் வந்தாள். டாக்டர் வேறு மருந்து எழுதிக் கொடுத்திருந்தார், காலையும் ராத்திரியும் போதும். மத்தியானப் புட்டி தேவைப்படவில்லை. மறைக்க வேண்டிய இடமும் இப்போது இல்லை. வாசலில் காவலாளி பழக்கத்தில் கண்ணாடிப் பையை நீட்டினான். அவளும் பழக்கத்தில் சீப்பையும் சில்லறைப் பையையும் அதில் போட்டுத் தூக்கிக் காட்டினாள்.

"உள்ள புது ஆளுங்களுக்குப் பாடம் நடக்குது. இங்கயே நில்லுங்கம்மா, பணம் கொண்டாந்து தருவாங்க."

அவள் கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்றாள். வாயாடி தலை நிமிராமல் தட்டிக்கொண்டிருந்தாள். அவளுக்கு வலது பக்கத்து நாற்காலியில் இளம்பெண் ஒருத்தி, கல்யாணமாகி நாலைந்து மாசம்கூட இருக்காது. காதில் தோடு புதுசாக மின்னியது. சூப்பர்வைசர் சுவரில் வெளிச்சம் போட்டிருந்தான். நீல விதிகளின் மேலேயே எழுத்துகள் விழுந்தன. கறுப்புப் பட்டை அதன் இடத்தில் இருந்தது. புதுப்பெண் உதட்டை அசைத்து அசைத்துப் படித்தாள். தோள் இடிக்கும் இடத்தில் 'ஐயோ பாவம்' என்பதுபோலத் தலையை ஆட்டினாள்.

பெரியக்கா முகத்தைக் கொஞ்சம் வலப்பக்கம் திருப்பிக்கொண்டாள். அப்படித் திருப்பினால் கடைசி வரி வரைக்கும் தெரிந்தது. எழுத்தைப் பெரிதாகத்தான் போட்டிருந்தார்கள்.

'நீங்க சொன்னதை நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்.'